ஊருணி போல ஒரு கணிப்பொறி மொழி



முதலில் ஒரு சின்னக் கணக்கு. ‘தமிழ்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்துகள் இருக்கின்றன? த, மி, ழ். மூன்று என்று ஒன்றாம் வகுப்புக் குழந்தைகூடச் சொல்லிவிடும். இதே கேள்வியை, உலகத்தின் பெரும்பாலான இணையதளங்களை இயக்கும் ஒரு கணிப்பொறி மொழியிடம் கேட்டால் என்ன பதில் வரும் தெரியுமா? பதினைந்து என்று வரும்! கொஞ்சம் வேறு விதமாகக் கேட்டால் ஐந்து என்று வரும். எப்படிக் கேட்க வேண்டும் என்று நன்றாகத் தெரிந்தவருக்குத்தான் மூன்று என்ற சரியான விடை கிடைக்கும்.

அந்த மொழியின் பெயர் பி.எச்.பி. அது எங்கே பிறந்தது, எப்படி இவ்வளவு பெரிதாக வளர்ந்தது, தமிழை எண்ணும்போது மட்டும் ஏன் தடுமாறுகிறது என்பதைப் பார்ப்போம். கூடவே என் கருத்தையும் சொல்லப் போகிறேன். அதை நீங்கள் அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதில்லை. யோசித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

செட்டிநாட்டு ஊருணி

காரைக்குடி, கோட்டையூர், கானாடுகாத்தான், தேவகோட்டைப் பக்கம் போயிருக்கிறீர்களா? அது வறண்ட பூமி. ஆண்டு முழுவதும் தண்ணீர் ஓடும் ஆறு அங்கே கிடையாது. பெய்கிற மழையைப் பிடித்து வைத்தால்தான் தாகம் தீரும். ஆகவே அந்த ஊர்களை அமைத்தவர்கள் ஊருணிகளை வெட்டினார்கள். ஓட்டுக் கூரையில் விழுகிற மழை வீட்டு முற்றத்தில் இறங்கும். அண்டாக்களில் பிடித்தது போக மீதித் தண்ணீர் வாய்க்கால் வழியாக ஊருணியைச் சேரும்.

ஊருணிக்கு மூன்று காரியங்கள் வேண்டும். முதலாவது, யாரோ ஒருவர் அதை வெட்டத் தொடங்க வேண்டும். இரண்டாவது, வரத்துக்கால்கள் திறந்திருக்க வேண்டும். நாலாபுறமிருந்தும் தண்ணீர் வந்தால்தான் அது நிறையும். மூன்றாவது, அவ்வப்போது தூர் வார வேண்டும். வெட்டிய பிறகு யாரும் கவனிக்காமல் விட்ட ஊருணி, சில ஆண்டுகளில் சீமைக் கருவேலம் மண்டிய குட்டையாகிவிடும்.

பி.எச்.பி. மொழியும் ஓர் ஊருணிதான் என்று நான் நினைக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

பெயர்ப் பலகையும் சிலேட்டுப் பலகையும்

ஓர் ஓட்டலைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வாசலுக்கு மேலே பெயிண்டில் எழுதிய பெயர்ப் பலகை இருக்கிறது. அது என்றும் மாறாது. உள்ளே ஒரு கரும்பலகை. அதில் ‘இன்றைய ஸ்பெஷல்’ என்பது மட்டும் பெயிண்டில் இருக்கிறது. கீழே இருக்கும் காலியிடத்தில் தினமும் காலையில் ஒருவர் சாக்பீஸால் எழுதுகிறார். இன்று கந்தரப்பம், நாளை வெள்ளைப் பணியாரம்.

இணையப் பக்கங்களும் இந்த இரண்டு வகைதான். 1990களின் தொடக்கத்தில் பெரும்பாலானவை பெயர்ப் பலகை வகை. ஒருமுறை எழுதி வைத்ததையே எல்லாருக்கும் காட்டும். ஆனால் உங்கள் பிளஸ் டூ தேர்வு முடிவை நினைத்துப் பாருங்கள். பதிவு எண்ணையும் பிறந்த தேதியையும் கொடுத்தால் உங்கள் மதிப்பெண் மட்டும் வருகிறது. தேர்வு எழுதும் லட்சக்கணக்கான மாணவர்களுக்கும் தனித்தனியே பக்கம் எழுதி யாரும் அடுக்கி வைக்கவில்லை. பக்கத்தின் சட்டம் ஒன்றுதான். நீங்கள் கேட்ட அந்த விநாடியில், காலியிடங்களில் உங்கள் பெயரும் மதிப்பெண்ணும் நிரப்பப்படுகின்றன. இது சிலேட்டுப் பலகை வகை.

நிரப்புவது யார்? பக்கங்களை வைத்திருந்து கேட்பவர்களுக்கு அனுப்பும் கணிப்பொறிக்கு சர்வர் என்று பெயர். அந்த சர்வரில் ஓடும் புரோகிராம்தான் சாக்பீஸ் பிடிக்கிறது. அந்தப் புரோகிராமை எழுதுவதற்கான மொழிகளில் மிக அதிகமாகப் பரவியது பி.எச்.பி. இணையத்தில் இன்னொரு புகழ்பெற்ற மொழியும் உண்டு. அது 1995 மே மாதத்தில் பிரெண்டன் ஐக் என்பவர் பத்தே நாளில் முதல் வடிவம் கொடுத்த ஜாவாஸ்கிரிப்ட். அது பெரும்பாலும் உங்கள் பக்கத்துத் திரையில் வேலை செய்வது. பி.எச்.பி.யோ உங்கள் கண்ணில் படாமல் மறுகோடியில் வேலை செய்வது. கண்ணில் படாததால்தான் அதைப் பற்றிப் பலருக்குத் தெரிவதில்லை.

தமக்காக வெட்டிய கிணறு

ராஸ்மஸ் லெர்டார்ஃப் என்பவர் பனி சூழ்ந்த கிரீன்லாந்தில் 1968இல் பிறந்தவர். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தார். 1994இல் தம் படிப்பு, வேலை விவரங்களை எழுதி இணையத்தில் ஒரு பக்கமாக வைத்தார். அதை யாராவது படிக்கிறார்களா என்று தெரிந்துகொள்ள அவருக்கு ஆசை. வருகிறவர்களைக் கணக்கெடுக்க சி மொழியில் சில சிறிய புரோகிராம்கள் எழுதினார். அவற்றுக்கு ‘சொந்த முகப்புப் பக்கக் கருவிகள்’ என்று பொருள்படும் ஆங்கிலப் பெயர் சூட்டினார். அந்தப் பெயரின் முதல் எழுத்துகள்தாம் பி.எச்.பி.

அதாவது, அவர் ஊருக்காக வெட்டவில்லை. தம் வீட்டுக் கொல்லையில் தமக்காக ஒரு கிணறு தோண்டினார். கணிப்பொறி மொழி ஒன்றை உருவாக்கும் எண்ணமே தமக்கு இருந்ததில்லை என்று அவர் பலமுறை சொல்லியிருக்கிறார்.

அதன் பிறகு அவர் செய்த காரியம்தான் முக்கியமானது. 1995 ஜூன் 8ஆம் தேதி அந்தப் புரோகிராம்களின் மூலத்தையே எல்லாருக்கும் திறந்துவிட்டார். மூலம் என்றால் என்ன? ஓர் இனிப்பை விற்பது ஒன்று. அதைச் செய்யும் பக்குவத்தையே எழுதிக் கொடுப்பது இன்னொன்று. பக்குவம் கையில் இருந்தால் நீங்களும் செய்யலாம், சர்க்கரையைக் குறைக்கலாம், தவறு இருந்தால் திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்கும் கொடுக்கலாம். மூலத்தைத் திறந்துவிட்டது அப்படித்தான். கொல்லைக் கிணற்றின் சுவரை இடித்து அதை ஊருணியாக்கிவிட்டார்.

உடனே வரத்துக்கால்கள் திறந்துகொண்டன. முன்பின் தெரியாத ஆட்கள் பிழைகளைக் கண்டுபிடித்து எழுதினார்கள். புதிய வசதிகளைச் சேர்த்து அனுப்பினார்கள். 1997இல் இஸ்ரேலில் கல்லூரி மாணவர்களாக இருந்த ஸீவ் சுராஸ்கி, ஆண்டி குட்மான்ஸ் என்ற இருவர் தங்கள் படிப்புக்கான ஒரு திட்டத்திற்கு இதைப் பயன்படுத்தப் பார்த்தார்கள். அதன் பலம் போதவில்லை. மூலம்தான் கையில் இருக்கிறதே! மொழியின் அடித்தளத்தையே திருத்தி எழுதினார்கள். லெர்டார்ஃபும் அவர்களோடு சேர்ந்துகொண்டார். 1998 ஜூனில் மூன்றாம் பதிப்பு வெளிவந்தது. இன்று நாம் காணும் பி.எச்.பி.யின் உருவம் அப்போதுதான் அமைந்தது. 2000 மே மாதம் நான்காம் பதிப்பு, 2004 ஜூலையில் ஐந்தாம் பதிப்பு என்று அது வளர்ந்தது.

ஏன் இதற்கு இவ்வளவு மவுசு?

அக்காலத்தில் இதைவிட ஒழுங்காக அமைந்த மொழிகள் வேறு இருந்தன. அப்படியிருந்தும் இது ஏன் பரவியது? மூன்று காரணங்கள் எனக்குப் படுகின்றன.

முதலாவது, எளிமை. மற்ற மொழிகளில், பக்கத்தின் ஒவ்வொரு வரியையும் புரோகிராமே எழுதித் தள்ள வேண்டியிருந்தது. பி.எச்.பி.யிலோ பக்கத்தை வழக்கம்போல எழுதிவிட்டு, காலியிடத்தில் மட்டும் ஒரு கட்டளையை வைத்தால் போதும். பலகை முழுவதையும் தினமும் புதிதாக எழுதுவதற்கும், சாக்பீஸால் ஒரு வரியை மாற்றுவதற்கும் உள்ள வித்தியாசம் இது. புரோகிராம் எழுதிப் பழகாதவரும் ஒரு நாளில் தொடங்கிவிடலாம்.

இரண்டாவது, செலவு. மொழி இலவசம். அதோடு சேர்ந்து வேலை செய்யும் லினக்ஸ், அப்பாச்சி, மைஎஸ்க்யூஎல் என்பவையும் பணம் கொடுக்காமலே கிடைத்தன. ஒரே சர்வரில் பலர் வாடகைக்கு இடம் பிடித்துக்கொள்ளும் முறை வந்தபோது, அந்த வாடகை இடங்களிலெல்லாம் பி.எச்.பி. தயாராகக் காத்திருந்தது.

மூன்றாவது, அதன் மேல் பிறர் கட்டிய கட்டடங்கள். வோர்ட்பிரஸ் 2003 மே மாதத்தில் வெளிவந்தது. இன்று உலகின் இணையதளங்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் அதில் ஓடுகின்றன. பாலைவனப் பகுதியில் வளர்ந்து, வானொலி வழியாகப் பாடம் படித்த ஆஸ்திரேலியர் மார்ட்டின் டூகியாமாஸ் உருவாக்கிய மூடில் என்ற கல்வி மென்பொருள் 2002இல் வந்தது. ஃபேஸ்புக் 2004இல் தொடங்கியபோது இதே மொழியில்தான் எழுதப்பட்டது. சர்வரில் எந்த மொழி ஓடுகிறது என்று கண்டறியப்பட்ட இணையதளங்களில் பத்தில் ஏழு பங்குக்குப் பக்கமாக இன்றும் பி.எச்.பி. தான்.

தமிழுக்குக் கிடைத்த தண்ணீர்

இதில் நமக்கு என்ன லாபம் என்று கேட்கிறீர்களா? பள்ளிக் கட்டுரைக்கு விவரம் தேடித் தமிழ் விக்கிப்பீடியாவைப் புரட்டாத மாணவர் உங்களில் யார்? அந்த விக்கிப்பீடியாவைத் தாங்கும் மென்பொருள் பி.எச்.பி.யில் எழுதப்பட்டதுதான். ஜெர்மனியில் உயிர்வேதியியல் மாணவராக இருந்த மாக்னஸ் மான்ஸ்கே 2001இல் அதன் முதல் வடிவத்தை எழுதினார். 2002 ஜனவரியில் ஆங்கில விக்கிப்பீடியா அதற்கு மாறியது.

அதன் மூலமும் திறந்தே இருந்தது. தமிழ் விக்கிப்பீடியா 2003 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. அப்போது பொத்தான்களும் அறிவிப்புகளும் ஆங்கிலத்தில்தான் இருந்தன. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவரும் அபுதாபியில் கட்டடக் கலைஞராகப் பணியாற்றியவருமான இ. மயூரநாதன் அந்த ஆண்டு நவம்பரில் வந்து சேர்ந்தார். அவற்றையெல்லாம் தமிழில் பெயர்த்தார். கட்டுரைகளையும் எழுதத் தொடங்கினார். பின்னர் பலர் சேர்ந்தார்கள். இன்று அங்கே ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான கட்டுரைகள் இருக்கின்றன.

கவனியுங்கள். கிரீன்லாந்தில் பிறந்தவர் ஒருவர், இஸ்ரேல் மாணவர்கள் இருவர், ஜெர்மானியர் ஒருவர், யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர். இவர்கள் ஒருவருக்கொருவர் உறவினர் அல்லர். எல்லாரும் ஒரே கம்பெனியில் சம்பளம் வாங்கியவர்களும் அல்லர். ஒருவர் வெட்டியதில் அடுத்தவர் ஆழப்படுத்தினார். அடுத்தவர் படி கட்டினார். காரைக்குடியில் இருக்கும் ஒரு மாணவி அதில் தண்ணீர் எடுக்கிறாள்.

குறையில்லாத மொழியா?

இல்லவே இல்லை. இதன் குறைகளைப் பட்டியல் போட்டால் இந்த இதழ் போதாது. இரண்டை மட்டும் சொல்கிறேன்.

இந்த மொழியின் கட்டளைப் பெயர்களில் ஓர் ஒழுங்கு கிடையாது. ஒரே இனத்தைச் சேர்ந்த கட்டளைகளில் ஒன்றின் பெயர் சுருக்கமாகவும் இன்னொன்றின் பெயர் நீளமாகவும் இருக்கும். இதற்கு ஒரு வேடிக்கையான காரணம் உண்டு. ஆரம்பத்தில் கட்டளைகள் நூறுகூட இல்லை. அவற்றை நினைவகத்தில் தேடி எடுக்க, பெயரின் நீளத்தையே லெர்டார்ஃப் அடையாளமாக வைத்திருந்தார். ஐந்து எழுத்துப் பெயர்கள் ஒரு பெட்டியில், ஆறு எழுத்துப் பெயர்கள் அடுத்த பெட்டியில் என்பது போல. எல்லாம் ஒரே பெட்டியில் குவிந்தால் தேட நேரமாகும். அதனால் வேண்டுமென்றே வெவ்வேறு நீளத்தில் பெயர் வைத்தாராம். 2013இல் அவரே இதை எழுதியிருக்கிறார். தேடும் முறை மாறிப் பல காலம் ஆகிவிட்டது. பெயர்கள் மட்டும் அப்படியே நின்றுவிட்டன. அவற்றை மாற்றினால் உலகெங்கும் ஓடிக்கொண்டிருக்கும் கோடிக்கணக்கான பக்கங்கள் நின்றுபோகும் அல்லவா?

இரண்டாவது குறை, எளிமையே ஆபத்தாக முடிந்தது. தொடக்கப் பதிப்புகளில், பக்கத்தைப் பார்க்க வருகிறவர் அனுப்பும் எந்தத் தகவலும் புரோகிராமுக்குள் தானாகவே நுழைந்துவிடும். வாசலில் நிற்பவர் யார் என்று கேட்காமலே நேரே அடுக்களை வரைக்கும் விடுவது போல! திருடர்களுக்கு இது நல்ல வசதி. 2002இல் இந்த வழக்கம் வழக்கமான அமைப்பிலிருந்து நீக்கப்பட்டது. 2012இல் அடியோடு ஒழிக்கப்பட்டது. பத்து ஆண்டுகள் ஆயின. அவசரமாக வைத்த ஒரு கதவை அடைக்க எவ்வளவு காலம் ஆகிறது பாருங்கள்.

பதினைந்தின் ரகசியம்

இப்போது முதல் கணக்குக்கு வருவோம். கணிப்பொறிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண். எண்களைச் சேமிக்கும் சிறு பெட்டிக்குப் பைட் என்று பெயர். ஒரு பைட்டில் 256 வெவ்வேறு எண்களில் ஏதாவது ஒன்றை வைக்கலாம். ஆங்கிலத்தின் 26 எழுத்துகள், சிறிதும் பெரிதுமாக 52. எண்களும் குறிகளும் சேர்த்தாலும் இடம் தாராளம். ஆகவே ஒரு பைட் என்றால் ஓர் எழுத்து என்று எடுத்துக்கொண்டு பி.எச்.பி. எழுதப்பட்டது.

உலகத்தின் எல்லா எழுத்துகளுக்கும் எண் கொடுக்க யூனிகோடு என்ற ஏற்பாடு 1991இல் வந்தது. அதில் தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட ஒரு பகுதி ஒதுக்கப்பட்டது. நம் எழுத்துகளோ 247. ‘மி’ போன்ற உயிர்மெய்களுக்குத் தனி எண் தரப்படவில்லை. ‘ம’ ஓர் எண், இகரக் குறி இன்னோர் எண். ‘ழ்’ என்றால் ‘ழ’ ஓர் எண், புள்ளி இன்னோர் எண். ஆகவே ‘தமிழ்’ என்பது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து எண்கள். இணையத்தில் பரவலாக வழங்கும் முறையில் ஒவ்வொரு தமிழ் எண்ணையும் எழுத மூன்று பைட்டுகள் வேண்டும். ஐந்தை மூன்றால் பெருக்கினால் பதினைந்து!

இதில் ஓர் எளிய விதி இருக்கிறது. உயிரெழுத்துக்கும், அகரம் ஏறிய மெய்க்கும் மூன்று பைட். புள்ளி வைத்த மெய்க்கும் மற்ற உயிர்மெய்களுக்கும் ஆறு பைட். ‘அழகப்பன்’ என்ற பெயரை எண்ணிப் பாருங்கள். அ, ழ, க மூன்றும் சேர்ந்து ஒன்பது. ப் ஆறு, ப மூன்று, ன் ஆறு. மொத்தம் 24. நமக்கு ஆறு எழுத்து, இயந்திரத்துக்கு 24.

எண்ணிக்கை தப்பானால் என்ன குடி முழுகிவிடும்? ஒரு படிவத்தில் ஊர்ப் பெயருக்கு 20 இடம் என்று வைத்திருக்கிறார்கள் என்போம். ‘காரைக்குடி’ என்பது நமக்கு ஐந்தே எழுத்து. இயந்திரக் கணக்கில் அது 30 பைட். எழுத்தையும் பைட்டையும் ஒன்றாக நினைக்கும் புரோகிராம் 20இல் வெட்டினால், ‘காரைக்’ என்று வந்து, அடுத்த எழுத்தின் நடுவே கத்தி விழுந்து, பொருளில்லாத ஒரு குறி நிற்கும். தமிழ்ப் பக்கங்களில் சொற்களின் ஓரத்தில் கேள்விக்குறியும் கட்டமுமாகச் சில சமயம் தோன்றுகிறதே, அதற்கு இதுவும் ஒரு காரணம்.

யார் வந்து திருத்தினார்கள்?

இந்த இடம்தான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ஜப்பானியர்களுக்கும் இதே தொல்லை இருந்தது. அவர்களுடைய எழுத்துகளும் ஒரு பைட்டுக்குள் அடங்காதவை. அவர்கள் மனுப் போட்டுக்கொண்டு காத்திருக்கவில்லை. மூலம் திறந்திருந்தது. தங்களுக்கு வேண்டிய கட்டளைகளைத் தாங்களே எழுதிச் சேர்த்தார்கள். 2001 வாக்கில் அவை பி.எச்.பி.யோடு சேர்ந்தே வந்தன. ‘தமிழ்’ என்ற சொல்லுக்கு ஐந்து என்று விடை தருவது அந்தக் கட்டளைகள்தாம். அவர்கள் தங்கள் தாகத்துக்கு வெட்டிய வாய்க்காலில் நமக்கும் தண்ணீர் வந்தது.

மொழி முழுவதையும் யூனிகோடுக்கு மாற்றும் பெருமுயற்சி ஒன்று 2005இல் தொடங்கியது. அதுதான் ஆறாம் பதிப்பாக வரவேண்டியது. வேலை எதிர்பார்த்ததைவிடக் கடினமாக இருந்தது, வேகம் குறைந்தது, நினைவகம் கூடுதலாகத் தேவைப்பட்டது. 2010இல் கைவிட்டார்கள். ஐந்துக்கு அடுத்தது ஏழு என்று 2015 டிசம்பரில் வந்ததற்குக் காரணம் இதுதான். இதற்கிடையே 2009இல் வந்த 5.3 பதிப்போடு, நாம் வாயால் சொல்லும் முழு எழுத்தை எண்ணும் கட்டளை சேர்ந்தது. மூன்று என்ற விடை அதன் வழியாகக் கிடைக்கிறது. ஒரு சொல்லை முழு எழுத்துகளாகப் பிரித்துக் கொடுக்கும் கட்டளையோ 2024 நவம்பரில் வந்த 8.4 பதிப்பில்தான் சேர்ந்தது. மொழி பிறந்து முப்பது ஆண்டுகள் கழித்து!

கோபம் வருகிறதா? எனக்கு வரவில்லை. லெர்டார்ஃப் தமிழை வேண்டுமென்று ஒதுக்கவில்லை. அவர் வெட்டியபோது அங்கே தமிழர் யாரும் மண்வெட்டியோடு நிற்கவில்லை, அவ்வளவுதான். யார் வேலையில் நிற்கிறார்களோ அவர்களுடைய தேவைதான் பொருளில் பதியும். உலகம் முழுவதும் எல்லாக் கருவிகளுக்கும் இது பொருந்தும்.

தூர் வாருவது யார்?

ஊருணியின் மூன்றாவது தேவையைச் சொன்னேனே, அதற்கு வருவோம். கோடிக்கணக்கானவர்கள் பயன்படுத்தும் இந்த மொழியின் உட்புறத்தை முழுதாக அறிந்தவர்கள் எத்தனை பேர்? 2021 மே மாதத்தில், அதன் முன்னணிப் பங்களிப்பாளர்களில் ஒருவரே கவலையோடு எழுதினார். பெரும் பகுதியை நன்கு அறிந்தவர்கள் இரண்டே பேர் என்றார். அதே ஆண்டு அந்த இருவரில் ஒருவரான நிகிதா போபோவ் வேறு துறைக்குப் போவதாக அறிவித்தார். அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது. இதனால் லாபம் அடைந்த கம்பெனிகள் பல சேர்ந்து 2021 நவம்பரில் பி.எச்.பி. அறக்கட்டளையை அமைத்தன. பராமரிப்பவர்களுக்கு ஊதியம் கொடுக்க ஏற்பாடு ஆயிற்று.

இதில் உங்களுக்கு ஒரு செய்தி இருக்கிறது. அந்த நிகிதா போபோவ் 2011இல் இந்த வேலைக்கு வந்தபோது, உங்களைப் போலப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தவர்! அவர் முன்வைத்த புதிய வசதி ஒன்று 2013இல் மொழியிலேயே சேர்ந்தது. வயதையும் பட்டத்தையும் யாரும் கேட்கவில்லை. வேலை சரியாக இருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்தார்கள்.

காரைக்குடிக்கு மத்திய மின்வேதியியல் ஆய்வுக் கழகம் வந்த வரலாறும் இப்படி ஒரு பாடம் சொல்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953இல் கழகம் திறக்கப்பட்டது. கொடுத்தவரின் பெருமையை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அன்று முதல் இன்று வரை நாள்தோறும் சோதனைச்சாலையில் உட்கார்ந்து உழைத்தவர்கள் இல்லையென்றால் அந்த நிலம் வெறும் நிலமாகவே இருந்திருக்கும். கொடை ஒரு நாள் காரியம். பராமரிப்பு தினசரிக் காரியம். முன்னதற்குச் சிலை வைக்கிறோம். பின்னதை மறந்துவிடுகிறோம்.

என் கருத்து

பழைய ஊருணிகளைப் பற்றி ஒன்றை மறைக்கக் கூடாது. ஊருணி என்று பெயர் இருந்தும், ஊரார் எல்லாரும் அதில் இறங்கித் தண்ணீர் எடுக்க விடப்படாத காலம் இருந்தது. சாதி குறுக்கே நின்றது. பி.எச்.பி. போன்ற ஊருணிகளுக்கு அப்படிப்பட்ட காவல் கிடையாது. ஆனாலும் படிக்கட்டு முழுவதும் ஆங்கிலத்தில் இருக்கிறது. கட்டளை ஆங்கிலம், விளக்கம் ஆங்கிலம், விவாதம் ஆங்கிலம். தமிழ் வழியில் படிக்கும் பிள்ளை முதல் படியிலேயே தயங்கி நின்றுவிடுகிறது. இந்தத் தயக்கத்தைப் போக்குவது நம் பொறுப்பு. ‘ஆனால்’, ‘இல்லை’, ‘முடி’ என்று தமிழ்ச் சொற்களாலேயே கட்டளை எழுத உதவும் ‘எழில்’ என்ற மொழியை முத்து அண்ணாமலை உருவாக்கி, 2009இல் அதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். முதல் படியாக அது நல்லது. முதல் படியில் பயம் தெளிந்தால் பிறகு எந்தப் படியிலும் ஏறலாம்.

“இப்போது கேட்டால் புரோகிராமை எழுதிக் கொடுக்கும் இயந்திரங்கள் வந்துவிட்டனவே, நாங்கள் ஏன் படிக்க வேண்டும்?” என்று உங்களில் சிலர் கேட்கக் கூடும். நியாயமான கேள்வி. இயந்திரம் எழுதிக் கொடுக்கட்டும். ஆனால் அது காரைக்குடியை நடுவே வெட்டினால், வெட்டிவிட்டது என்று கண்டுபிடிப்பது யார்? ‘தமிழ்’ மூன்றெழுத்து என்று மனத்தில் தெரிந்தவர்தான் பதினைந்து தப்பு என்று சொல்ல முடியும். ஏன் தப்பு என்று தெரிந்தவர்தான் அதைத் திருத்தச் சொல்ல முடியும்.

ஆகவே என் யோசனை இது. எல்லாரும் பி.எச்.பி. படிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நாளை வேறு மொழி வரலாம். ஆனால் மூலம் திறந்திருக்கும் ஏதாவது ஒரு கருவியையாவது, பயன்படுத்துவதோடு நிறுத்தாமல், உள்ளே எட்டிப் பாருங்கள். அதில் தமிழ் எங்கே உடைகிறது என்று தேடுங்கள். கண்டுபிடித்தால் குறித்து அனுப்புங்கள். திருத்தத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பிழையைத் தெளிவாகச் சொல்வதே பாதித் திருத்தம். ஓர் அறிவிப்பைத் தமிழாக்குவதும் தூர் வாரும் வேலைதான். தமிழ் விக்கிப்பீடியாவில் உங்கள் ஊர் ஊருணியைப் பற்றிச் சரியான விவரங்களோடு நாலு வரி சேர்ப்பதும் அப்படித்தான்.

பள்ளிகளுக்கும் ஒரு வார்த்தை. கணிப்பொறி அறையைப் பூட்டி வைத்துவிட்டுப் புத்தகத்தில் இருக்கும் புரோகிராமை மனப்பாடம் செய்யச் சொல்வது, ஊருணியின் படத்தை வரைந்து பாகங்களைக் குறிக்கச் சொல்வது போன்றது. பிள்ளைகளைத் தண்ணீரில் இறங்க விடுங்கள். தப்புச் செய்யட்டும். இந்த மொழியை உண்டாக்கியவர்களே எத்தனை தப்புச் செய்தார்கள் என்று பார்த்தோமே! தப்பு எல்லாருக்கும் தெரியும்படி இருந்ததால்தான் அது திருந்தியது.

கடைசியாக, நீங்கள் செய்து பார்க்க ஒரு வேலை. உங்கள் வகுப்பு வருகைப் பதிவேட்டில் இருக்கும் பத்துப் பெயர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் எத்தனை எழுத்து, எத்தனை யூனிகோடு எண், எத்தனை பைட் என்று மேலே சொன்ன விதிப்படி தாளில் கணக்கிடுங்கள். பிறகு பள்ளிக் கணிப்பொறியில் பி.எச்.பி.யை நிறுவி, ஆசிரியரின் துணையோடு சரிபாருங்கள். விடை எங்காவது மாறினால் ஏன் மாறியது என்று யோசித்து எங்களுக்கு எழுதுங்கள்.